கபருக்கு மேலே நின்ற செருப்பு

கதை விடுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் மனைவியே முதலில் அப்படித்தான் நினைத்தாள். நான் பயந்த சுபாவம் கிடையாது. யாராவது ஜின், பேய் என்று ஆரம்பித்தால் கிண்டல் பண்ணியே எழுப்பி அனுப்புகிற ஆள். போன வருடம் திருச்சியில் என் அண்ணன் அப்ராரை அடக்கம் செய்த அன்று எனக்கு நடந்தது இது. நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

எனக்கும் அண்ணனுக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. நான் சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்தபோது, எங்கள் அம்மா இங்கே ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கிடந்தார். அண்ணன் எனக்குச் சொல்லவே இல்லை. மௌத்தான பிறகுதான், அம்மா போய்விட்டார் என்று போன் வந்தது. நான் வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க விடாமல் பண்ணிவிட்டாரே என்ற ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஜனாஸா தொழுகைக்கு முன்னால், இறந்தவருக்காக வீட்டு ஆள் ஒருவர் எழுந்து ஊராரிடம் மன்னிப்புக் கேட்பார். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அதுவரை பிரிந்த உயிருக்கு, அந்த ரூஹுக்கு நிம்மதி இல்லை என்பார்கள். அண்ணன் மகன் கலீம் எழுந்தான். அழுது அழுது குரலே இல்லை அவனுக்கு.

“எங்க அத்தா யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க.”

“மன்னிச்சிட்டோம்” என்றது கூட்டம். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அதோடாவது விட்டிருக்கலாம். அடக்கம் முடிந்து திரும்பிப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் கபருக்குள் இருப்பவருக்குக் கேட்கும் என்று சின்ன வயதிலிருந்தே பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது அப்போது ஞாபகம் வந்தது. துஆ முடிவதற்கு முன்பே, கபரை ஒட்டி, செருப்பைத் தரையில் அறைந்து அறைந்து நடந்தேன். முதல் ஆளாக நான் போவது அவருக்குக் கேட்கட்டும் என்றுதான். என் இடது செருப்பில் பக்கிள் லூஸ். டிக்... டிக்... என்று அடிக்கும். எவ்வளவு கேவலமான புத்தி பாருங்கள்.

புத்தூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடிதான். அது பூட்டியே இருக்கும், சாவி எங்களிடம். மனைவி ஜெஸிமா துக்க வீட்டில் இருந்தாள். நான் கைகால் கழுவிவிட்டுக் கட்டிலில் விழுந்தேன். மணி ஆறு இருபது. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் ஆட்டோ, கீழ்வீட்டில் டிவி.

முதலில் டிவி நின்றது. பிறகு தெருவே நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காற்று வரவில்லை.

ஈர மண் வாசனை. கூடவே, அடக்கத்துக்கு முன் உடம்பில் போடுகிற சூடம்.

பொத்... பொத்...

மேலே எதுவோ விழுந்தது. அள்ளி அள்ளிப் போடுகிற சத்தம். எழுந்து பார்க்கலாம் என்றால் கை வரவில்லை, கால் வரவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது.

மேலே பல பேர் சேர்ந்து, “ஆமீன்...”

அப்புறம் அது கேட்டது.

டிக்... டிக்... டிக்...

வேகமாக, அறைந்து அறைந்து, என் முகத்துக்கு மேலே நடந்து தூரமாகப் போனது. அது என் செருப்பு. எனக்குத் தெரியாதா?

பின்னாலேயே மற்றவர்கள் போனார்கள். பத்து பேர்... நாலு பேர்... ஒருவர்.

பிறகு யாருமே இல்லை.

அந்தத் தனிமையை எப்படிச் சொல்வது? சத்தம் போட்டு அழைக்கலாம் என்றால் வாயில்லை. போகாதீங்க, ஒரு ஆளாவது இருங்க என்று மனசு கிடந்து துடித்தது.

ஒரு ஆள் வந்தது.

டிக்...

டிக்...

நேராக என் முகத்துக்கு மேலே வந்து... நின்றது.

ஒரு குரல் பேச ஆரம்பித்தது. மண்ணுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி அமுங்கிய குரல். வார்த்தை புரியவில்லை. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அண்ணன்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். மன்னிச்சிட்டேன் அண்ணே, மன்னிச்சிட்டேன் என்று உள்ளுக்குள் கதறினேன்.

குரல் நிற்கவில்லை.

ஜெஸிமா கதவைத் தட்டியபோதுதான் என் கை அசைந்தது. மணி எட்டு. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். கெட்ட கனவு என்றாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்.

“ஆஸ்பத்திரியில கிடந்ததை உங்ககிட்ட சொல்ல வேணாம்னது உங்க அம்மாதாங்க. உங்க அண்ணி வஹீதா இன்னைக்குத்தான் சொன்னாங்க. புதுசா சேர்ந்த வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவீங்கன்னு பயந்து, உங்க அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க.”

“இத்தனை வருஷம் ஏன் சொல்லல?”

“அம்மா மேல உங்களுக்குக் கோபம் வந்துடக் கூடாதாம். என் மேலயே இருக்கட்டும்னாராம்.”

அன்று நான் அழுத அழுகை அம்மாவுக்குக்கூட அழுததில்லை.

விடிந்ததும் அண்ணனை அடக்கிய மையவாடிக்குப் போனேன். மனசார மன்னித்துவிட்டேன் என்று சொல்லி, நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கபர் வெட்டுகிற பிச்சை பாய் அப்போதுதான் கேட்டைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

“தம்பி... நீங்க எப்படி வெளியே வந்தீங்க?”

“என்ன பாய்?”

“நேத்து எல்லாரும் போன பிறகு, நீங்க மட்டும் திரும்பி வந்து அண்ணன் தலைமாட்டுல நின்னீங்களே. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். நீங்க திரும்பவே இல்ல. சரி, துக்கம்னு விட்டேன். இருட்டினதும் பயந்து போயி, உங்களை உள்ள வச்சே கேட்டைப் பூட்டிட்டேன்.”

மேலே கேட்ட அந்தக் குரல் ஞாபகம் வந்தது. நான் என்ன பேசினேன் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினார். விடாமல் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“ ‘மன்னிக்க மாட்டேன்’னு... கபரு மேல குனிஞ்சு, அதையே சொல்லிட்டு இருந்தீங்க தம்பி.”