கூப்பிட்டால் வராத துரை

அவளைத் தெருவில் எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்பங்கரைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தபடியே சாப்பிட்டு முடித்துவிடுவாள். சும்மா உட்கார்ந்தால் எங்கோ ஏதோ கைநழுவிப் போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பேருந்து ஓட்டும் கணவர், "விடு, ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே உக்காந்துட்டு வர்றேன்" என்பார்.

நாய் பழக்குவது அவள் தொழில். அதிலும் மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிய நாய்கள்தான் அவளுக்கு வேண்டும். லாப்ரடாரைக் கூட்டிவந்தால் முகத்தைச் சுளிப்பாள். "இது ரெண்டு பிஸ்கட்டுக்குப் பட்டமே வாங்கிடும். எங்கிட்ட எதுக்கு?" மோப்ப ஜாதியான பீகிளுக்கு மூக்கு தரையில் பட்டால் காது அடைத்துவிடும். சௌ சௌ நாய், மரியாதை குறைந்துவிட்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஹஸ்கிக்கோ சொன்னது நன்றாகப் புரியும். புரிந்துகொண்டு, ஊளையிட்டு எதிர்த்துப் பேசிவிட்டு, ஓடிவிடும். பனியில் வண்டி இழுத்த பரம்பரை, அதைச் சொல்லிக் குற்றமில்லை.

துரை ஒரு ஹஸ்கி. நீலக் கண், மிதப்பான நடை. கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகன் ஆசையாக வாங்கி, வெளியூரில் வேலை கிடைத்ததும் அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனது. அவருக்கு ஒரு முழங்கால் சரியாக மடங்காது. மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுத்துணை என்று துரை மட்டும்தான். அது கேட் திறந்த நேரம் பார்த்துத் தெருவில் பாய்ந்து ஒரு ஸ்கூட்டர்காரரைக் கீழே தள்ளிவிட்டது. மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "கூப்பிட்டா வர்ற நாயா இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா இந்த மாசத்தோட அனுப்பிடுங்க."

கடிகாரக்காரர் துரையைப் பம்பரத்திடம் கூட்டிவந்தார். ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் வேலி போட்ட மைதானத்தில் பம்பரம் வேலையை ஆரம்பித்தாள். "வா!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுவாள். துரத்துவதென்றால் துரைக்கு உயிர், பாய்ந்து வரும். வந்ததும் இடுப்புப் பையிலிருந்து வேகவைத்த கோழித்துண்டு. சீக்கிரமே அவள் வாயைத் திறப்பதற்குள் வந்து நின்றது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடிகாரக்காரரை வரச்சொல்லி, தானே வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அவர் கைத்தடியை ஊன்றி நின்று, "துரை, வா" என்றார். துரை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. கொட்டாவி விட்டது. வேலியோரம் மோப்பம் பிடிக்கப் போய்விட்டது.

"உங்களுக்குத்தாம்மா வருது. என்னைப் பாத்தா அதுக்கு இன்னொரு மரம் மாதிரி இருக்கு போல" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் நாய் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பம்பரத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் நாயைத் தன் ஓட்டத்துக்குப் பழக்கியிருக்கிறாள். ஓட முடியாத மனிதரிடம் அது எதற்கு வரும்? தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் அவர் கடை ஸ்டூலை மைதானத்தில் போட்டு, முதலில் அவளே உட்கார்ந்தாள். ஒரே ஒரு முறை கூப்பிட்டுவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். துரை மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அவள் கால் தானாகத் துடித்தது. கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அது மெல்ல வந்து ஸ்டூலை முகர்ந்தபோது அவளுக்கு முதுகெல்லாம் வேர்த்திருந்தது. பிறகு அவரை உட்கார வைத்தாள். சில நாள் வந்தது. சில நாள் போக்குக் காட்டியது. மாதம் முடிய வந்தது, அவளுக்குத் தூக்கம் போயிற்று.

கடைசி வாரத்தில் அவர் வீட்டு முற்றத்தில் பழக்கிக்கொண்டிருந்தபோது மின்கட்டணம் கணக்கெடுக்க வந்தவர் கேட்டைத் திறந்து போட்டார். துரை அம்பாகப் பாய்ந்து தெருவில் இறங்கிவிட்டது. ஒரு லாரி பிரேக் போட்டுக் கத்தியது. மாடியில் ஜன்னல் திறந்தது.

பம்பரத்தின் உடம்பு முன்னால் பாய்ந்தது. அவள் ஓடினால் அதற்கு விளையாட்டு, இன்னும் தூரம் போகும். அது அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்து கேட்டின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கூப்பிடுங்க. ஒரே தடவை. பதறாதீங்க."

அவர் ஸ்டூலிலிருந்து எழவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தினமும் கடையடைத்து வந்ததும் கூப்பிடுவதுபோல், "துரை, வாப்பா" என்றார்.

தெருவின் நடுவில் துரை நின்றது. காதைத் திருப்பியது. அது கேட்டுக்குள் நுழைந்து, கோழித்துண்டுப் பையோடு உட்கார்ந்திருந்தவளை ஏறிட்டும் பார்க்காமல் தாண்டிப் போய், மடங்காத அந்தக் காலின்மேல் தலையை வைத்தது. அவளுக்கு ஒரு நொடி பொறாமையாகக்கூட இருந்தது.

மேலே பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, "கேட்டுக்கு ஒரு பூட்டு போடுங்க முதல்ல" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார். நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடிகாரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந்திரிங்கம்மா. அதான் வந்துட்டான்ல."

"இருங்க," என்றாள் பம்பரம், கம்பியை விடாமல். "நான் கொஞ்ச நேரம் உக்காந்துக்குறேன்."