ஊருக்கு நாலு ஜீபி காணுமாம்

இன்று கிளிநொச்சியில் லப்டொப் வாங்கப் போனேன். என் ஊர் ஒட்டுசுட்டான் என்று சொன்னதும் கடைக்காரர் ஆக மலிவானதை எடுத்து வைத்தார்.

"நாலு ஜீபி ரேம், தங்கச்சி. ஊர்ப் பாவனைக்கு இது தாராளமாக் காணும்."

"போட்டுக் காட்டுங்கோ அண்ணை."

உழவு இயந்திரத்தை இயக்கிப் பார்க்காமல் எங்கள் பக்கம் யாரும் வாங்குவதில்லை.

என் ஒன்லைன் வகுப்பைத் திறந்து, பக்கத்தில் நான் கீறும் வீட்டு வரைபடத்தையும் திறந்தேன். திரை அப்படியே நின்றுவிட்டது. சேமிப்பு இடத்தைப் பார்த்தால், புத்தம் புதிதிலேயே பாதிக்கு மேல் நிரம்பிக் கிடக்கிறது.

"வீட்டை வித்துப்போட்டு பாதி அறையில நீங்களே குடியிருக்கிறியளோ அண்ணை?"

"இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும், தங்கச்சி."

அவர் பில் அடிக்கும் கணினியைக் காட்டினேன். "உதில எவ்வளவு ரேம்?"

"பதினாறு. கடை வேலையெல்லோ, குறைஞ்சது காணாது."

பில் அடிக்கப் பதினாறு. வீடு கீற நாலு!

வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன். என்னிடம் காசுதான் குறைவு, வேலை குறைவில்லை.

'ஊருக்கு இது காணும்' என்று உங்கள் தலையில் எதைக் கட்டப் பார்த்தார்கள்? கீழே எழுதுங்கள். விரிவாகவே எழுதலாம், இடம் இருக்கிறது. இது அந்த லப்டொப் இல்லை.