சுவரைப் பார்த்த கண்ணாடி

எங்கள் வீட்டுச் சமையலறையில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது. உள்ளங்கை அளவுதான். நான்கு ஓரமும் கறுப்பு இன்சுலேஷன் டேப். முதுகில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டை. வருகிறவர்கள் கண்ணில் படுவது அந்த அட்டைதான், ஏனென்றால் கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். "என்னங்க, கண்ணாடியைத் திருப்பி மாட்டியிருக்கீங்க?" என்று கேட்பார்கள். திருஷ்டிக்கு என்று சொல்லிவிடுவேன். நம் ஊரில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். உண்மையில் அது பயத்துக்கு மாட்டியது.

பயப்படுவதில் நான் கெட்டிக்காரி. கேஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிற ரகம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் பொழிச்சலூரில் ஒரு சின்ன மெட்ரிகுலேஷன் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்தேன். என் மகளும் அங்கேயே ஏழாம் வகுப்பு படித்தாள். டீச்சர் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்பதால் அந்த ஏற்பாடு. அதற்கு ஈடாக எழுதாத ஒரு சட்டம் உண்டு. பள்ளி கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவள் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிட வேண்டும், நான் அவளை மற்றப் பிள்ளைகளைவிட ஒரு பிடி கூடுதலாகவே அதட்ட வேண்டும். இரண்டு பேரும் அதை ஒழுங்காகவே செய்துவந்தோம். சாயங்காலம் கேட்டைத் தாண்டி நாலு கடை போனதும்தான் அவள் என் கையைப் பிடிப்பாள்.

அந்தப் பள்ளிக்கு சயின்ஸ் மிஸ் வந்து சேர்ந்தபோது எனக்கு முதலில் வந்ததும் பயம்தான். என் வயதுதான் இருக்கும். சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். காலடியில் எப்போதும் ஒரு பெரிய துணிக்கடைப் பை, அதற்குள் ஊரில் யாரும் வேண்டாம் என்று போட்டதெல்லாம் இருக்கும். செருப்பு டப்பா, ஐஸ் குச்சி, தீர்ந்துபோன ரீஃபில், உடைந்த குடைக் கம்பி. வகுப்பில் நுழைந்ததும் அவர் சொல்கிற முதல் வாக்கியம் "புக்கை மூடுங்க, ஜன்னலைத் திறங்க" என்பது. நாங்களெல்லாம் அதற்கு நேர் எதிராகச் சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள். ஜன்னலைத் திறந்தால் எங்கள் பள்ளியில் விமானம் வந்துவிடும். தலைக்கு மேல் அவ்வளவு தாழ்வாக இறங்கும், எழுத்து எழுத்தாகப் பெயரைப் படிக்கலாம். அது கடந்து போகும்வரை பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வாயை மூடி நிற்பது எங்கள் வழக்கம். சயின்ஸ் மிஸ் அந்த நேரத்தையும் விடமாட்டார். விமானம் போனதும் "நிழல் முதல்ல வந்துதா, சத்தம் முதல்ல வந்துதா?" என்று கேட்பார். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வார்கள். பக்கத்து வகுப்பில் நான் செய்யுளை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஏழாம் வகுப்பில் ஒளிப் பாடம் வந்தது. சயின்ஸ் மிஸ் பம்மலில் ஒரு படச் சட்டம் போடுகிற கடைக்குப் போய், வெட்டி ஒதுக்கிய கண்ணாடித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். பள்ளி விட்ட பிறகு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து நானும் அவரும் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் டேப் ஒட்டினோம், பழைய பத்திரிகை அட்டைகளை வெட்டி முதுகில் வைத்தோம். டேப்பை நான் இரண்டு சுற்றுச் சுற்றினேன். "மிஸ், பசங்க கையைக் கிழிச்சுப்பாங்க, கண்ணுல அடிச்சுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "நீங்க பயப்படுறதுக்கெல்லாம் நான் டேப் ஒட்டிட்டேன் மிஸ். வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க" என்று சிரித்தார். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கும் தலைக்கு மேல் விமானங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

மறுநாள் காலையில் அவர் செய்ததை இன்று நினைத்தாலும் சிலிர்க்கிறது. எங்கள் லேப், கட்டடத்தின் கடைசியில் ஓர் இருட்டறை. மைதானத்தில் ஒரு பிள்ளை கண்ணாடியில் வெயிலைப் பிடித்து வராந்தாவில் நிற்கிறவளுக்கு அனுப்ப வேண்டும். அவள் மாடிப்படித் திருப்பத்தில் நிற்பவனுக்கு. அவன் அடுத்தவளுக்கு. இப்படிக் கை மாறி, லேபின் உள்சுவரில் ஒட்டிய சார்ட்டில் வரைந்திருக்கும் அகல் விளக்கின் திரியில் வெயில் போய் விழ வேண்டும். நடுவில் யாராவது கொஞ்சம் அசைந்தால் கடைசியில் வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது. "கை நடுங்கினா வெளிச்சமும் நடுங்கும். மூச்சை மெதுவா விடுங்க" என்று வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டு போனார். வெகுநேரம் தடுமாறி, ஒரு நிமிடம் அது திரியின் மேல் நின்றது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தாளாளர் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். என் மகள் வராந்தா முனையில் நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வீட்டில் ஒரு டம்ளரைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாதவள்.

கண்ணாடிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் வீட்டுப் பாடம் ஒன்றும் கொடுத்தார். "உங்க வீட்டுல வெயிலே வராத ஒரு இடம் இருக்கும். அங்க வெயிலைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க." ஒரு பையன் வீட்டுப் பக்கத்துக் காலி பாட்டில் கிடங்குக்குள் விட்டான். ஒருத்தி படுத்தே கிடக்கிற தாத்தாவின் கட்டில் காலடியில் விட்டாளாம், அவர் தொட்டுப் பார்த்தாராம். என் மகள் எங்கள் கிணற்றுக்குள் விட்டாள். அந்த வாரத்தில் ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் இறங்கி வந்து, "அம்மா, இன்னைக்கு ஒரு ப்ளேன் என்னைப் பார்த்துக் கண்ணடிச்சுது" என்றாள். நான் குழம்பைக் கிளறிக்கொண்டு "ம்" என்றேன்.

அடுத்த வாரம் முதல் பீரியடிலேயே பள்ளிக்குள் ஜீப் வந்து நின்றது. ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள், கழுத்தில் அட்டை மாட்டிய விமான நிலைய அதிகாரி ஒருவர். இறங்குகிற விமானத்தின் ஓட்டுநர் அறைக்குள் கீழேயிருந்து யாரோ பளிச்சென்று வெளிச்சம் அடிக்கிறார்கள், ஒருநாள் இல்லை, பல நாள், இந்தப் பகுதி மாடிகளிலிருந்துதான் என்று புகார். தெருவில் விசாரித்ததில் பள்ளிக்கூடத்தில் கண்ணாடி கொடுத்தார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தாளாளர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "சார், எவன்னு சொல்லுங்க. இப்பவே டிசி குடுத்து அனுப்பிடறேன்" என்றார். இன்ஸ்பெக்டர், "டிசி அப்பால குடு சார். மொதல்ல பையன் வேணும், அவங்க அப்பன் ஆத்தா வேணும். ஸ்டேஷன்ல வச்சுப் பேசிக்கிறோம். ப்ளேன் உள்ள அம்மாம் ஜனம் கீது, வெளையாட்டா இது?" என்றார்.

ப்ளேன் கண்ணடித்தது என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்குள் விழுந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் யூனிஃபார்மோடு என் மகள் உட்கார்ந்திருப்பதும், நான் வாசலில் நிற்பதும், தெரு பார்ப்பதும், எல்லாம் ஒரே நொடியில் வந்துபோனது. சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து சயின்ஸ் மிஸ்ஸின் கையைப் பற்றினேன். "மிஸ், அது என் பொண்ணு. எங்க மாடி நேரா ப்ளேன் வர்ற வழியில இருக்கு. அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க மிஸ்."

"உங்க பொண்ணு மட்டுமா? பொழிச்சலூர்ல கண்ணாடியைக் கையில குடுத்தா எந்தப் பிள்ளை ப்ளேன்ல அடிக்காம இருக்கும்? எனக்குல்ல மிஸ் அது தோணியிருக்கணும்!" என்றார் அவர். பிறகு நேராக உள்ளே போய், அதிகாரியிடம் ஒரே ஒரு பீரியட் கேட்டார். "நீங்க மிரட்டினா ஒருத்தர் மேல ஒருத்தர் சொல்லுவாங்க சார். என்ன நடந்துதுன்னு அவங்களுக்கே புரியாது. நாளைக்கு வேற தெருப் பசங்க அடிப்பாங்க." இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். "இன்னாமா, விசாரணைக்கு வந்தா கிளாஸ் எடுத்துக்கினு கீறே?" அதிகாரிதான் கையமர்த்தி, நாற்காலியை லேபுக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

லேப் ஜன்னல்களை மூடினார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஷூவைக் கழற்றி, தரையில் இரண்டு வரிசையாக வைத்தார்கள். அதுதான் ஓடுபாதை. முன்னால் ஒருவர் காகித விமானத்தைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வகுப்பே அவர் பின்னால் தோளைப் பிடித்துத் தொடர வேண்டும். அவர்கள் பயணிகள். வேகமாக வந்து, எந்த ஷூவையும் மிதிக்காமல் நடுவில் இறங்க வேண்டும். முதல் முறை ஒழுங்காக இறங்கினார்கள். இரண்டாம் முறை சயின்ஸ் மிஸ் ஜன்னலை விரலளவு திறந்து, மெல்லிய தாள் ஒட்டிய ஒரு கண்ணாடியால் வெயிலை எடுத்து, முன்னால் வருகிறவன் முகத்தில் ஒரு நொடி காட்டினார். அவன் ஷூவின் மேல் ஏறினான். சிரிப்பு. மூன்றாம் முறை, "அடுத்து யார் ஓட்டுறீங்க?" என்று கேட்டார். என் மகள் முன்னால் வந்தாள்.

வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் விமானத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வெளிச்சம் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஷூவில் இடறினாள், பின்னால் வந்த வகுப்பு மொத்தமும் அவள் மேல் சரிந்தது. வகுப்பிலேயே குள்ளமான பெண் ஒருத்தி தாடை தரையில் மோதி வீறிட்டாள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சயின்ஸ் மிஸ் அவளைத் தூக்கி மடியில் வைத்துத் தாடையைத் தடவிக்கொண்டே, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருட்டில் அந்த அழுகை மட்டும் கேட்டது. மேலே ஒரு விமானம் வந்தது. நாங்கள் எப்போதும்போல் வாயை மூடிக்கொண்டு அது போகட்டும் என்று நின்றோம்.

சத்தம் அடங்கியதும் என் மகள் எழுந்தாள். "நான் அடிச்சேன் சார். எங்க மாடியிலேர்ந்து. அது திருப்பி அடிக்குதுன்னு நெனச்சேன்" என்றாள். உடனே என் பக்கம் திரும்பி "அம்மா" என்று கத்தினாள். பள்ளிக்குள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். நான் ஷூக்களை மிதித்துக்கொண்டு போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பையன், "நானும் சார்" என்றான். இன்னொருத்தி கை தூக்கினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியில் தாடையில் அடிபட்ட பெண்ணும், அழுதுகொண்டே, மடியில் இருந்தபடி கையைத் தூக்கினாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "இன்னா சார் பண்றது? மொத்தக் கிளாஸையும் ஜீப்ல ஏத்தவா முடியும்?" அதிகாரி தரையிலிருந்த ஷூக்களைப் பார்த்தார். பிறகு எழுந்து, "ப்ளேன் வந்தா இனிமே கையை ஆட்டுங்க. அது போதும்" என்றார். "மேலேர்ந்து தெரியுமா சார்?" என்று யாரோ கேட்டார்கள். "தெரியாது. ஆனாலும் ஆட்டுங்க" என்றார். பைகளில் இருந்த கண்ணாடிகளையெல்லாம் கான்ஸ்டபிள் ஒரு கோணியில் போட்டு எடுத்துப் போனார். என் மகளுடையது மட்டும் வீட்டில், மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்தது.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும் சயின்ஸ் மிஸ் தண்ணீர் டம்ளரை எடுத்தார். அது பல்லில் இடித்து, பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது. அவர் கை அப்படி ஆடியதை நான் பார்த்ததே இல்லை. "எனக்கு ரொம்பப் பயமா இருந்துது மிஸ்" என்றார். "கண்ணாடி பிடிச்ச கையை ஜன்னல் கட்டையில அழுத்தி வச்சுக்கிட்டேன். இல்லன்னா வெளிச்சம் எங்கயோ ஓடியிருக்கும்." அதுவரை பயமே இல்லாத ஒரு பிறவி என்றுதான் அவரை நினைத்திருந்தேன். அந்த வருடம் முடிந்ததும் தாளாளர் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் சில பேர் போய்ப் பேசினோம், நடக்கவில்லை. அவர் பையைக் காலடியில் வைத்து ஸ்கூட்டியைக் கிளப்பிப் போனார். பிறகு மேடவாக்கம் பக்கம் ஏதோ ஒரு பள்ளியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், பிறகு அந்தச் சேதியும் இல்லை.

அந்த ஒற்றைக் கண்ணாடியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குப்பையில் போட்டால் யார் கையிலாவது கிடைக்கும். உடைத்தால் துண்டுக்குத் துண்டு வெயிலைப் பிடிக்கும். எனவே ஆணி அடித்துச் சுவரைப் பார்க்க மாட்டினேன்.

மகள் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள். அவர்கள் அவளைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வருவாள். அவள் காலையில் வருகிறாள் என்றால் எனக்கு முந்தின நாளே தூக்கம் போய்விடும். அவள் விமானம் இறங்குவதைப் பார்க்க மாடிக்குப் போகும்போது கண்ணாடியையும் கழற்றி எடுத்துக்கொள்வேன். அதைக் கீழே தனியாக விட்டுவிட்டு வர எனக்குத் தைரியம் கிடையாது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சுற்றிலும் எத்தனை மாடிகள், எத்தனை பிள்ளைகள், எந்தக் கையில் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

போன வாரமும் நின்றேன். நல்ல வெயில். அனகாபுத்தூர் பக்கமிருந்து அவள் விமானம் சின்னதாகத் தெரிந்து, பெரிதாகி, தாழ்ந்து, என் தலைக்கு நேரே வந்தது. என் கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடியைக் கைப்பிடிச் சுவரில் கவிழ்த்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வலது கையை ஆட்டினேன். மேலேயிருந்து தெரியாது என்று எனக்குத் தெரியும். சக்கரங்கள் தரையைத் தொடுகிற சத்தம் கேட்கும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.