ஒன்பதாம் நம்பர் மலையில் சிறுத்தை

தலவாக்கலையில் நான் ஸ்டூடியோ வைத்து இருபது வருடமாகிறது. அடையாள அட்டைப் படம், கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, இவைதான் என் தொழில். காட்டு விலங்கைப் படமெடுக்கச் சொல்லி என்னிடம் வந்தவர் ஒரே ஒருவர்தான்: வட்டகொடைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் லெட்சுமி அக்கா.

ஒன்பதாம் நம்பர் மலை உச்சிப் பாறையில் பெண்கள் சிறுத்தையைக் கண்டிருந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, அது நாயாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். பெண்கள் பயந்துகொண்டேதான் மலையேறினார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆண்கள் சிலர் சிறுத்தைக்குக் கம்பிச் சுருக்கு வைக்கப் பேசிக்கொண்டார்கள்.

"படம் இருந்தா ஐயா நம்புவாரு தம்பி. ஒருக்கா எடுத்துக் குடுங்க," என்றார் அக்கா.

கல்யாணத்துக்கு வைத்திருந்த பெரிய லென்ஸோடு எதிர்மலையில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் காலை, பையிலிருந்து எடுத்ததும் லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. அது தெளிவதற்குள் பாறையைப் பனி மூடிவிட்டது. இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் கேமராவை முன்கூட்டியே வெளியில் வைத்துக் குளிரவிட்டேன். வெயில் பாறையைத் தொட்டபோது சிறுத்தை அங்கே படுத்திருந்தது. பின்னாலிருந்து இரண்டு குட்டிகள் வந்தன. ஒன்று தாயின் வாலைக் கடித்து இழுத்தது. கொஞ்ச நேரம் பட்டனை அழுத்தவே மறந்துவிட்டேன்.

கண்டாக்கு ஐயா கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இனி அந்தப் பக்கம் ஆள் போட மாட்டேன்," என்றார்.

தகவல் கிடைத்து வனஜீவி அதிகாரிகள் வந்தார்கள். கிட்டப் போகாமல் இருந்தால் தாயே குட்டிகளை வேறிடம் கொண்டுபோய்விடும் என்று சிங்களத்தில் விளக்கினார்கள். அக்காவின் கணவரே இரண்டு சுருக்கு வைத்திருந்தாராம். குட்டிகளின் படத்தைப் பார்த்த அன்று மாலையே இரண்டையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தப் படத்தை நான் பேஸ்புக்கில் போடவில்லை. கேள்விப்பட்டு இடம் கேட்டுப் போன் எடுத்த சுற்றுலா வழிகாட்டிக்கும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் பாறை வெறுமையானது. பெண்கள் பழையபடி மலையேறினார்கள்.

பிறகு அக்காவை ஸ்டூடியோவுக்கு அழைத்துப் படங்களைக் காட்டினேன். சிறுத்தையின் முகம் தெளிவாகத் தெரிந்ததை ஒதுக்கிவிட்டு, தூரத்திலிருந்து எடுத்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார். அதில் சிறுத்தை ஒரு புள்ளி. மற்றதெல்லாம் பச்சைச் சரிவும் அதன்மேல் ஏறும் பனியும்தான்.

"இது நம்ம மலையா தம்பி? முப்பது வருசமா அங்கதான் நிக்கிறேன். கொழுந்தப் பாத்த கண்ணு இதப் பாக்கலயே."

அதையே பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். என்னிடம் தொழில் பழக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் உங்கள் வாசலிலிருந்து தெரியும் மலையை எடுங்கள். எடுத்த படத்தை, அந்த மலையில் வேலை செய்கிறவர்களுக்குக் காட்டுங்கள்.