முப்பது டின் செடியும் இரண்டு அன்னப்பட்சியும்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஈப்போ ரயில் நிலையத்தில் இறங்கினேன். கையில் ஒரு பெட்டி, தலையில் ஒரு பெட்டி. கையில் இருந்தது துணிமணி. தலையில் இருந்தது என் கைவேலை. தெர்மாகோலில் செதுக்கி, ஜிகினா ஒட்டி, கண்ணுக்குக் கறுப்பு மணி வைத்த இரண்டு அன்னப்பட்சிகள். திண்டுக்கல்லில் கல்யாண மேடை அலங்காரம்தான் என் பிழைப்பு. அக்கா மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். தாய்மாமன் வெறுங்கையோடு போகலாமா? கோலாலம்பூரிலிருந்து ரயிலுக்கு முப்பத்தைந்து வெள்ளி கொடுத்தேன். ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். இரண்டரை மணி நேரமும் பட்சிகள் என் மடியிலேயே வந்தன. பக்கத்து இருக்கைச் சீனப் பெண்மணி பெட்டியின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு என் பக்கமே திரும்பவில்லை.

அழைத்துப் போக வந்தவர் மணி அண்ணன். அக்கா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார்.

"என்னா அண்ணே அது, டிவியா?"

"அன்னப்பட்சி."

"உசுரோடவா?"

தெர்மாகோல் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அத நம்ம தர்ஷினி பாப்பா கண்ணுல காட்டாதீங்க. இந்தக் கல்யாணத்துல நெகிழியே கூடாதுன்னு சொல்லிருச்சிலா. என் வேன் சீட்டு நெகிழி. அதையே ஒரு மாதிரி பாக்குது." இங்கே பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்கிறது.

அக்கா வீடு இருக்கும் சுங்கை சிப்புட் முப்பது கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் இடுக்குகளில்கூட மரம் முளைத்திருக்கிறது. எங்கள் ஊரில் தண்ணீர் ஊற்றினாலும் முளைக்காதது இங்கே பாறையில் முளைக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருந்தது. ரப்பர்த் தோட்டங்கள் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் தரும் செம்பனையும், 'தாமான்' என்று இவர்கள் சொல்லும் குடியிருப்பு வரிசைகளும் இருக்கின்றன. தோட்டத்து ஆட்கள் தாமானுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் மோட்டார் சைக்கிள், உள்ளே சாமி படம், வேலியோரம் கறிவேப்பிலை என்று வீட்டுக்கு வீடு ஒரே அமைப்பு.

வெள்ளிக்கிழமை காலை பசியாறிவிட்டு மண்டபத்துக்குப் போனோம். தர்ஷினி இடுப்பில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணிமேல் நின்றாள். ஈப்போவில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், இங்கே மூங்கிலைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைத் திறந்து பட்சிகளைக் காட்டினேன்.

இறங்கி வந்து பார்த்தாள். "அழகா இருக்கு மாமா. ஆனா இது மக்கிப் போவ ஐந்நூறு வருஷம் ஆவும்."

"உன் கல்யாணமும் அவ்வளவு நாள் நிலைக்கணும்னுதான் தாயி கொண்டாந்தேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினாள். பட்சிகள் மணி அண்ணன் வேனின் பின்சீட்டுக்குப் போயின. எனக்கு மனசு சுண்டித்தான் போயிற்று.

ஆனால் தொழில் தெரிந்தவன் பொய் சொல்லக்கூடாது. அவள் செய்திருந்த அலங்காரம் நன்றாகவே இருந்தது. நான்கு மூங்கில் கால்களும் தென்னங்கீற்றுப் பின்னலும் மணவறை ஆகியிருந்தன. மேலே விதானமாக அக்காவின் பழைய பட்டுப் புடவைகள். நுழைவாயிலில் செம்பனை மட்டைகளை வளைத்து ஒரு வளைவு. பால்மரத்தில் ரப்பர்ப் பால் பிடிக்கக் கட்டும் பீங்கான் மங்குகளை யாரிடமோ வாங்கிக் கழுவி, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வழிநெடுக விளக்காக வைத்திருந்தாள். விருந்து மேசைகள் முப்பது. அவற்றின் நடுவில் வைக்கத்தான் இன்னும் எதுவும் வரவில்லை.

பதினோரு மணிக்கு அது வந்தது. மாப்பிள்ளையின் அம்மா லெட்சுமி அம்மாள் ஈப்போவை ஒட்டிய லகாட்டிலிருந்து ஒரு சிறிய லாரியில் வந்து இறங்கினார். லாரி நிறையச் செடிகள். பால்மாவு டின், பிஸ்கட் டின், எண்ணெய் டின் என்று ஒவ்வொன்றிலும் ஒரு செடி, ஒவ்வொரு டின்னுக்கும் பச்சைச் சாயம். பிகோனியா, பெரணி, குரோட்டன்ஸ் எல்லாம் குழந்தைபோல் வளர்க்கப்பட்டவை. இந்தச் செடிகளைப் பற்றி அக்கா முந்தின இரவே சொல்லியிருந்தாள். லகாட் முதல் தஞ்சோங் ரம்புத்தான் வரை உறவில் ஒரு பெண் பாக்கியில்லாமல் எல்லோரும் இந்தம்மாளிடம் நட்டு வைக்க ஒரு கொம்பு கேட்டிருக்கிறார்களாம். எல்லோருக்கும் ஒரே பதில்தானாம்: "உங்க வீட்டு வெயிலுக்கு இது வராது." எதிர்வீட்டுக்காரிக்கும் அதே பதில்தானாம்.

இந்த அம்மாளுக்கு முதலில் தர்ஷினியின் யோசனை பிடிக்கவில்லை. கல்யாணமா, நாற்றுப் பண்ணையா என்று கேட்டவர். பிறகு என்ன நினைத்தாரோ, செடிகளை இரவல் தருவதாக அவரே சொல்லியிருக்கிறார். மருமகளுக்கு அவர் இறங்கி வந்த முதல் படி அது.

மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஒரு டின்னைக் கடைசியாக நீட்டினார். கறுப்பு அந்தூரியம். கேமரன் மலையிலிருந்து எப்போதோ வாங்கி வந்தது. பூவைப் பார்த்தால் அரக்கில் செய்ததுபோல் இருந்தது. "இது மணவறையில இருக்கட்டும். முப்பதும் இதுவும் ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்துரணும். சரியா?"

"ஒரு இலை கொறையாம கொண்டாந்து வெக்கிறேன் அத்தை" என்றாள் தர்ஷினி. அதைச் சொல்லும்போது பக்கத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். ஏணிமேல் எதையும் பிடிக்காமல் நின்றவள்.

சனிக்கிழமை. முகூர்த்தம் ஒன்பதரைக்கு நல்லபடியாக முடிந்தது. லெட்சுமி அம்மாள் பெண்ணை வரவேற்க ஆலத்தி கரைக்க வேண்டும் என்று உடனே லகாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். விருந்து தொடங்கியது.

தாம்பூலப் பைக்குப் பதிலாகத் தர்ஷினி துணிப்பை தைத்து வைத்திருந்தாள். அடியில் ஒரு பொட்டலம் கீரை விதை, மேலே ஓர் அட்டை. 'எங்கள் திருமண நினைவாக உங்கள் வீட்டில் ஒரு செடி வளருங்கள்' என்று அழகாக அச்சடித்திருந்தது. பையின் அடிப்பாகம் பால்மாவு டின் அளவுக்குச் சரியாக இருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்திருக்க வேண்டும். முப்பது வருஷமாகக் கல்யாண மேடையிலிருந்து வாழைமரத்தையே தூக்கிப் போகிறவர்களைப் பார்த்தவன் நான்.

மேடையில் போட்டோவுக்கு நின்றபடி பார்க்கிறேன். விருந்தாளிகள் துணிப்பையோடு வெளியேறுகிறார்கள். ஒவ்வொரு பைக்கு மேலும் இலை ஆடுகிறது. அலங்காரம் நடந்து போவதுபோல் என்ன அழகு என்று ரசித்தேன். அது அலங்காரமேதான் என்பது மூன்றாவது போட்டோவுக்குப் பிறகுதான் உறைத்தது.

தள்ளுமுள்ளு இல்லை, திருட்டு முழி இல்லை. வரிசையில் நின்று, அட்டையைப் படித்து, நன்றி சொல்லி எடுத்துப் போயிருக்கிறார்கள். முப்பது மேசையும் காலி. மணவறையைப் பார்த்தேன். அந்தூரியமும் இல்லை.

தர்ஷினிக்கு அழக்கூட நேரமில்லை. லகாட்டுக்குப் போகும் கார் வாசலில் நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நாளைக்கு அத்தை வீட்டு விருந்துக்கு முன்னாடி எப்படியாச்சும் கொண்டாந்துருங்க. அத்தை இப்பதான் என்னை நம்ப ஆரம்பிச்சாங்க."

மணி அண்ணன் வேனை எடுத்தார். வந்தவர்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் வேனில் பள்ளிக்கூடம் போகிறவர்கள், வீடுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பிற்பகல் இரண்டு மணிக்கு, பழைய ஒரு தோட்டத்தை ஒட்டிய தாமானில், மாப்பிள்ளை வீட்டு உறவான சரோஜா அக்கா வீட்டு வாசலில் இறங்கினோம். பெரணி ஏற்கெனவே சாமி படத்துக்குக் கீழே குடியேறியிருந்தது. சரோஜா அக்கா எங்களை உட்காரவைத்து மைலோ கலக்கினார்.

"பதினஞ்சு வருஷமா கேக்குறேன் அண்ணே. எங்க வீட்டு வெயிலுக்கு வராதுன்னே சொல்லுவாங்க. எங்க வீட்டுல வெயிலே இல்லலா, பாருங்க. சரி, குடுக்க மனசில்லன்னு நெனச்சிக்கிட்டேன். இன்னிக்கு மகன் கல்யாணத்துல எல்லாருக்கும் அள்ளிக் குடுத்துட்டாங்க. அந்த அம்மாவ நான்தான் தப்பா நெனச்சிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு எந்த வாயால் கேட்பது? மைலோவைக் குடித்துவிட்டு, அவர் கொடுத்த பப்பாளிப் பழத்தோடு வேனில் ஏறினோம்.

"நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றேன்.

"நான் எப்படி கேக்குறது? அவங்க மகன் தெனம் என் வேன்லதான் வாரான்" என்றார் மணி அண்ணன்.

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கடுத்த வீட்டில் செடிக்குப் பெயரே வைத்துவிட்டார்கள், லெட்சுமி என்று. டவுனில் காதர் பாய் கடையில், தூக்கி ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக் குடிக்க ஒதுங்கினோம். டம்ளர் இரண்டு வெள்ளி. கல்லாவுக்குப் பக்கத்தில் குரோட்டன்ஸ் நின்றது. "சம்பந்தி அம்மா பெரிய மனசு" என்று பாய் தே தாரிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். செடி கேட்கப் போனவர்கள் மாலைக்குள் சேர்த்தது இரண்டு பப்பாளி, ஒரு வாழைத்தார், ஒரு சட்டி கருவாட்டுக் குழம்பு. செடி ஒன்றுகூட இல்லை. வேன் மணந்தது. கல்யாணமான மறுநாளே அந்தப் பெண் மாமியார் முன்னால் தலைகுனிந்து நிற்பாளே என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

கடைசி நம்பிக்கை அந்தூரியம். அதை எடுத்தது கல்யாணம் செய்துவைத்த ஐயர். மணவறையில் இருப்பது தேங்காயானாலும் பழமானாலும் ஐயருக்குச் சேரும் என்பது வழக்கம். அவர் வீடு தஞ்சோங் ரம்புத்தானில், கோவிலுக்குப் பின்னால். போய்ச் சேரும்போது மணி ஆறு.

"மணவறையில வெச்சதத் திருப்பிக் கேக்கலாமா?" என்றார் அவர். குரலில் கோபமில்லை, அந்தூரியத்தின் மேல் கை மட்டும் இருந்தது. பேசிக்கொண்டே வேனுக்குள் எட்டிப் பார்த்தவர், பெட்டி ஓட்டையில் தெரிந்த கறுப்பு மணிக் கண்ணைக் கண்டு நின்றுவிட்டார். "அது என்னா?"

திறந்து காட்டினேன். மாலை வெயிலில் ஜிகினா மின்னியது. ஐயர் ஒரு பட்சியைத் தூக்கிப் பார்த்தார், எடை பார்த்தார், கழுத்தைத் தடவினார். "மாசத்துக்கு நாலு கல்யாணம் பண்ணி வெக்கிறேன். மணவறைக்கு ரெண்டு பக்கமும் இத வெச்சா எப்படி இருக்கும்! எத்தனை நாள் தாங்கும்?"

"ஐந்நூறு வருஷம் சாமி" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக நான் எதையும் விற்றதில்லை. அந்தூரியம் என் மடிக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு லகாட் போய்ச் சேர்ந்தோம். பழைய ஈயச் சுரங்கத்து ஊர், வீதி அமைதியாகக் கிடந்தது. லெட்சுமி அம்மாள் வீட்டு வாசலில் செடி வைக்கும் மூன்று தட்டுப் பலகை காலியாக நின்றது. தர்ஷினி பட்டுப் புடவையோடு வேனை நோக்கி ஓடிவந்தாள். நான் ஒற்றை டின்னை நீட்டினேன். அவள் எனக்குப் பின்னால் வேனைப் பார்த்தாள். வாழைத்தார்தான் தெரிந்தது.

லெட்சுமி அம்மாள் வெளியே வந்தார். தர்ஷினி அந்தூரியத்தை நெஞ்சோடு அணைத்தபடி, "அத்தை, தப்பு என்னோடது. அட்டையப் படிச்சிட்டு எல்லாரும்..." என்று தொடங்கினாள்.

"தெரியும்" என்றார் லெட்சுமி அம்மாள். கைப்பேசியை நீட்டினார். "நேத்து சாயந்தரத்துலருந்து இது ஓயல. சரோஜா அழுவுறா. எதிர்வீட்டுக்காரி என்கூட எட்டு வருஷமா பேசல, காலையில தோசை கொண்டாந்து குடுத்துட்டுப் போறா. நான்தான் குடுக்கச் சொன்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வேற என்னா சொல்லுறது?" பலகையைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. செடிக்காகவா, தோசைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. "இனிமே பழையபடி இருக்கவும் முடியாது. கெடுத்துட்டியே பிள்ளை."

தர்ஷினி அழத் தொடங்கினாள். லெட்சுமி அம்மாள் அவள் கையிலிருந்த டின்னைத் தொட்டு, இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவள் பக்கமே தள்ளினார். "அழுவாத. இது உனக்கு. பெரிய வெயில் ஆவாது, காலை வெயில் போதும். யாரு கேட்டாலும் கொம்பு குடுக்காத." அதற்குப் பிறகு இருவரும் சமையற்கட்டுக்குப் போனார்கள். விருந்தில் ஏழு வகைப் பதார்த்தம். நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஈப்போ நிலையத்தில் என்னை வழியனுப்பத் தர்ஷினியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தலையில் பெட்டி இல்லாமல் நடப்பது விநோதமாக இருந்தது. திண்டுக்கல்லில் அடுத்த முகூர்த்தத்துக்கு மூங்கிலும் கீற்றும் போட்டுப் பார்க்கலாம், வாழைமரம் போலவே மங்கு விளக்கையும் தூக்கிப் போவார்கள், போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ரயில் வருவதற்குள் ஒன்று கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அடுத்த தடவை வரும்போது அந்த அந்தூரியத்துல ஒரு கொம்பு எடுத்து வெய்யி தாயி. உன் அத்தைக்குத் தெரிய வேணாம்."

தர்ஷினி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உங்க ஊரு வெயிலுக்கு அது வராது மாமா."