இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

என் மகன் வரதன் திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடம் என்ஜினீயராக இருந்தவன். போன வருடம் கல்கத்தாவில் வணிக நிர்வாகம் படிக்க அவனுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருடப் படிப்பு. நிரந்தர வேலையை விட வேண்டும். பதில் போடப் பதினொரு நாள்தான் கெடு. ஒன்பது நாளாகியும் அவன் முடிவு செய்யவில்லை.

பத்தாம் நாள் ஸ்ரீரங்கம் தாயார் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தால் வேலை, சிவப்பு வந்தால் படிப்பு. பொட்டலம் கட்டியவன் நான். எனக்கு வயது அறுபத்தெட்டு. எழுநூற்று முப்பது நாள் அவனைப் பிரிந்திருக்கப் பயந்து, இரண்டிலும் வெள்ளையையே வைத்துவிட்டேன்.

என் மனைவி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. வீட்டுக்கு வந்ததும் வரதன் மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தான். மற்ற பொட்டலத்தைப் பிரித்த மனைவி, "ஏன்னா, இதுலயும் வெள்ளைதானே இருக்கு? தாயார்கிட்டயா உங்க சாமர்த்தியம்!" என்றாள்.

வரதன் பேனாவை மூடினான். "போகாதேடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேனேப்பா. இனிமே எப்படி இருப்பேன்?" என்றான்.

போய்விட்டான். இப்போதெல்லாம் மனதில் உள்ளதை நேராகவே கேட்டுவிடுகிறேன். 'படிப்பு முடிந்ததும் திருச்சிக்கே வந்துவிடு' என்று எழுதியிருக்கிறேன். பதில் வர ஆறு நாள் ஆகும். இன்று எட்டாவது நாள்.