வாசல் தெரியாத திருடனும் இருபத்து மூன்று பங்காளிகளும்

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி மூன்றையும் ஒரே நாளில் அடித்துக் கொடுக்கிற கடை எங்களுடையது. முதலாளி அழகுசுந்தரம். எழுத்துப்பிழை பார்ப்பது நான். இருபது தாய்மாமன்களின் தலைகளை ஒரே அளவில் வெட்டி ஒட்டுவது ராஜப்ரியா. ஒரு தலை ஒரு நூல் சின்னதாகிவிட்டால் குடும்பம் இரண்டாகும் என்பதால் இதைச் சாதாரண வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்கு முப்பத்தாறு வயது. நகை செய்யும் பத்தர் வீட்டுப் பெண். நல்லவள்தான். ஒரே ஒரு கெட்ட பழக்கம், காமிக்ஸ் படிப்பாள். அதைவிட மோசம், வரைவாள்.

அப்பாவின் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடை இருந்ததாம். எடைக்கு வந்து விழும் காமிக்ஸ்களை அங்கேயே நின்று படித்திருக்கிறாள். எதிலும் கடைசிப் பக்கம் இருக்காது. ஸ்டேப்ளர் பின்னிலிருந்து முதலில் கழன்று போவது அதுதானே. கொன்றது யார் என்று தெரியாமலே நாற்பது கொலைகளைப் படித்து முடித்தவள், பொறுக்க முடியாமல் ரஃப் நோட்டில் முடிவுப் பக்கங்களைத் தானே வரைய ஆரம்பித்தாள். அவளுடைய கொலைகாரர்கள் பெரும்பாலும் கணக்கு வாத்தியார் சாயலில் இருப்பார்கள். அப்பா பார்த்துவிட்டு, "படிக்கச் சொன்னா படம் பாத்துக்கிட்டு இருக்கு" என்று சொன்னதோடு சரி. கணவர் முத்துக்கிருஷ்ணன் அந்த வகையில் எவ்வளவோ மேல். எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் "சூப்பர்" என்பார். பக்கத்தைத் தலைகீழாகக் காட்டியும் ஒரு முறை சோதித்தாள். அப்போதும் சூப்பர்தான்.

வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்த சத்தியமூர்த்தி, இரண்டு வருடத்துக்கு முன்னால் விசிட்டிங் கார்டு அடிக்க எங்கள் கடைக்கு வந்தார். கார்டு தயாராகும் வரை தன் வீட்டின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க வீடு எம்புட்டுப் பெருசுன்னா, அந்தக் காலத்துல ஒரு கல்யாணத்தன்னிக்கு முற்றத்து வழியா ஒரு திருடன் இறங்கிட்டான். உள்ள வந்தவனுக்குத் திரும்பிப் போக வழி தெரியல. மூணு நாளு உள்ளயே சுத்தியிருக்கான். எங்க அப்பச்சி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

ராஜப்ரியா கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "மூணு நாளும் சாப்பாட்டுக்கு என்ன செஞ்சான்ணே?"

"கல்யாண வீடுல்ல? பந்தியில உக்காந்திருப்பான். பொண்ணு வீட்டுக்காரவுக மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நினைச்சிருப்பாக. அவுக இவுக ஆளுன்னு நினைச்சிருப்பாக."

மறுநாளே அவள் நான்கு பக்கங்கள் வரைந்துகொண்டு போய்க் காட்டினாள். கொடியில் காய்ந்த பட்டுக்கரை வேட்டியைத் திருடிக் கட்டிக்கொண்ட ஒருவன், வரிசையாக ஒரே மாதிரி இருக்கும் கதவுகளைப் பார்த்து முழிக்கிறான். ஒரு பெரியவர் அவன் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துப் பரிமாறச் சொல்கிறார். சத்தியமூர்த்தி வயிறு குலுங்கச் சிரித்தார். விடுதியின் ஒவ்வொரு அறையிலும் வைக்க இதையே புத்தகமாகப் போடலாம் என்றார். அவள் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை, சந்தோஷத்தில்.

வீடு சத்தியமூர்த்தி ஒருவருடையது இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டாள். சென்னை, கோவை, சிங்கப்பூர், டல்லாஸ் என்று சிதறிக் கிடக்கும் இருபத்து மூன்று பங்காளிகளுக்கு அதில் பங்கு உண்டு. அவர்களுக்கு 'நம்ம வீடு' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. கூரை ஒழுகினால் அதில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். காமிக்ஸ் பக்கங்களைப் போட்டதும் குழு உயிர் பெற்றது.

சிங்கப்பூர்க்காரருக்குக் கதையில் வரும் தன் ஐயாவின் மீசை போதவில்லை. "எங்க ஐயா மீசை இதைவிடப் பெருசு" என்று ஆதாரத்தோடு புகைப்படம் அனுப்பினார். மீசை வளர்ந்தது. உடனே கோவைக்காரர், தன் ஐயாவுக்கு மட்டும் ஏன் மீசை சின்னது என்றார். கதையில் வீட்டுப் பெரியவர்களாக வரும் நான்கு ஐயா சகோதரர்களுக்கும் ஒரே மீசை, ஒரே உயரம் என்று முடிவானது. தாய்மாமன் ஃப்ளெக்ஸில் தேறியவள் என்பதால் அது அவளுக்குச் சுலபமாகவே வந்தது. ஆனால் காமிக்ஸில் ஒரே உருவம் நான்கு முறை நின்றால் யார் பேசுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? நான்கு பேரையும் பேசாமல் நிற்கவைத்தாள். குழு கைதட்டியது.

ஒரு பங்காளியின் மனைவியான நாச்சியம்மை ஆச்சி சென்னையிலிருந்து போனிலேயே வந்துவிட்டார். "கல்யாணப் பொண்ணுக்கு மூணாம் பக்கத்துல கழுத்திரு இருக்கு, நாலாம் பக்கத்துல காணோம். பத்தர் மகதானே நீங்க? அதுக்குள்ள அந்தத் திருடன் அடிச்சுட்டானா?"

இது நியாயமான கேள்வி. கழுத்திரு என்பது கழுத்தில் தொடங்கி வயிறு வரை தொங்கும் கல்யாண நகை. அதன் உருப்படிகளை ஒரு முறை வரைந்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். நாலாம் பக்கத்தில் பெண் ஆறு கட்டங்களில் வருகிறாள். சோம்பேறித்தனத்தில் விட்டதை ஆச்சி பிடித்துவிட்டார். ராஜப்ரியா வெட்கப்பட்டுக்கொண்டே ஆறிலும் வரைந்தாள். கூடவே தூண்கள். அந்த வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் தூண். எழுதுகிறவன் 'தூண்கள் நிறைந்த கூடம்' என்று ஒரு வரியில் தப்பித்துக்கொள்வான். வரைகிறவள் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாற்பது தூண்களை நட வேண்டும்.

பதினான்கு பக்கம் முடிந்தபோது சத்தியமூர்த்தி கடைக்கே வந்தார். முகத்தில் தயக்கம்.

"ஒரு சின்னத் திருத்தம்தான் தங்கச்சி. திருடனை மட்டும் எடுத்துருங்க."

"அண்ணே, கதையே அவன்தாண்ணே."

"கதை இருக்கட்டும். திருடன் வந்த வீடுன்னு படிச்சா கெஸ்ட்டு யாரு ரூம் எடுப்பாகன்னு டல்லாஸ்ல கேக்குறாக."

"அப்ப வழி தெரியாம அலையுறது யாருண்ணே?"

"விருந்தாளின்னு வச்சுக்கங்களேன். நல்ல விருந்தாளி."

திருடன் நல்ல விருந்தாளியானான். ஒரு வாரம் கழித்து இன்னொரு பங்காளி, வழி தெரியாமல் போகிற வீடு என்றால் வாஸ்து சரியில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்றார். ஆகவே விருந்தாளிக்கு வழி தெரிந்துவிட்டது. கடைசியில் அச்சான இருபத்து நான்கு பக்கக் காமிக்ஸின் கதையை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன்: ஒருவர் வாசல் வழியாக வருகிறார். சாப்பிடுகிறார். வாசல் வழியாகப் போகிறார். நான்கு மீசைகள் வழியனுப்புகின்றன.

வெளியீட்டு விழாவில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஐயா வருகிற பக்கத்தை மட்டும் திறந்து பார்த்து, புத்தகம் பிரமாதம் என்றார்கள். ஒரு மாதம் கழித்து அவள் விடுதிக்குப் போனபோது புத்தகங்கள் நிஜமாகவே எல்லா அறைகளிலும் இருந்தன. ஒவ்வொன்றின் அட்டையிலும் காபி டம்ளரின் வட்டம் இருந்தது.

அன்று அவள் சத்தியமூர்த்தியிடம் நேராகவே கேட்டாள். "அந்தத் திருடனை எனக்குக் குடுத்துருங்கண்ணே. ஊரு, பேரு எல்லாம் மாத்திக்கிறேன். நானே போடுறேன்."

"எங்க வீடுன்னு எழுதிராதீக." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா தூணு நம்ம தூணாவே இருக்கட்டும்."

எட்டு மாதம், கடை வேலை போக மிச்ச நேரமெல்லாம் வரைந்தாள். 'வாசல் எங்குட்டு?' என்று பெயர் வைத்தாள். திருடன் திரும்ப வந்தான், பக்கத்துக்குப் பக்கம் திண்டாடினான். மணப்பெண்ணின் அத்தை ஒரு வெள்ளித் தட்டை அவன் கையில் தானே கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறாள். திருட வந்த பொருள் கையில் இருக்கிறது, வாசலைத்தான் காணோம். மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டாரோடு அவனையும் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். தப்பித்தோம் என்று இறங்கிப் பார்க்கிறான். மாப்பிள்ளை வீடு இதைவிடப் பெரியது. எழுத்துப்பிழை பார்க்க உட்கார்ந்த நான் இரண்டு இடத்தில் பிழை பார்க்க மறந்துபோனேன்.

நூறு பிரதிகளோடு, காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் நடந்த காமிக்ஸ் வாசகர் சந்திப்புக்கு இருவரும் போனோம். வாசலில் வரவேற்றவர் அவளிடம், "பையனுக்கு வாங்க வந்தீங்களா மேடம்?" என்றார். எழுதி வரைந்தவள் அவள்தான் என்றதும் மரியாதை வந்தது. கூடவே கேள்விகளும் வந்தன. தாளின் கனம் எத்தனை ஜிஎஸ்எம்? இது லிமிட்டெட் எடிஷனா? நம்பர் போட்டுத் தருவீர்களா? திருடன் என்ன ஆனான் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் மூன்று பிரதி வாங்கினார். ஒன்று பாதுகாக்க, ஒன்று பரிமாறிக்கொள்ள, ஒன்று படிக்க. மூன்றையும் அங்கேயே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினார். படிக்கிற பிரதியையும் ஏன் ஒட்டுகிறீர்கள் என்று நான் கேட்டேன். "படிச்சா முனை மடங்கிரும்ங்க" என்றார்.

அடுத்த வாரம் அந்த காமிக்ஸ் வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் விமர்சனங்கள் வந்தன. அச்சு மணம் பிரமாதம். ஸ்டேப்ளர் பின் அரை மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. முத்துக்கிருஷ்ணன் அத்தனையும் படித்துவிட்டு சூப்பர் என்றார். ராஜப்ரியா பத்து நாள் பேனாவையே தொடவில்லை. "யாருக்குக்கா வரையுறேன்? உறைக்கா?" என்று என்னிடம் கேட்டாள். கண்ணீர் அஞ்சலிக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்த நான் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

ஒரு புதன்கிழமை காலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைக்குள் வந்தார். தோளில் துண்டு. கையில் 'வாசல் எங்குட்டு?' இருந்தது, அல்லது அதில் மிச்சமிருந்தது. அட்டையில் எண்ணெய், ஓரமெல்லாம் மஞ்சள் விரல் ரேகை, நடுப்பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை.

"இதை வரைஞ்சது யாரு?" குரலில் கோபம்.

"நான்தாண்ணே" என்று எழுந்தாள்.

"என் பேரு கருத்தையா. இளையாத்தங்குடிப் பக்கம் கல்யாணச் சமையல் பாக்குறேன். அன்னிக்கு மண்டபத்துல உங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டது நான்தான். சும்மா இருக்க நேரத்துல ஒண்ணு வாங்கினேன்." பதினேழாம் பக்கத்தைத் திறந்து மேஜையில் போட்டார். "இது என்னத்தா பந்தி? இலையோட நுனி வலப்பக்கம் கெடக்கு. அது போகட்டும். இருவத்தெட்டுப் பேரு உக்காந்திருக்காக, அத்தனை பேரும் இடது கையில சாப்பிடுறாகளே!"

ராஜப்ரியா குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். இருபத்தெட்டு இடது கைகள். பத்தாம் பக்கத்துப் பந்தியையே மறுபடி வரையச் சோம்பல்பட்டு, கம்ப்யூட்டரில் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டிருக்கிறாள். அவள் பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை, மண்டபத்தில் கூடியிருந்த நிபுணர்கள் அத்தனை பேரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு உறையைத் திறக்க வேண்டுமே.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சிரிக்கிறீக?"

"இல்லண்ணே. எத்தனை தடவை படிச்சீக?"

"நாலஞ்சு தடவை இருக்கும். இன்னொண்ணும் இருக்கு." பக்கங்களைப் புரட்டினார். "இங்குட்டு சுவர் ஏறிக் குதிக்கப் பாக்குறான். நடக்காது. மூணு நாளு அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவன் நாற்காலியில ஏறவே முடியாது. அந்த வெள்ளித் தட்டு குடுத்துச்சே அந்த அத்தை, அதுக்கு இவன் திருடன்னு தெரியுமா, தெரியாதா? எனக்குத் தெரியும்னுதான் தோணுது."

"எனக்கே தெரியலண்ணே" என்றாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க. ஏன் அப்படித் தோணுது?"

அரை மணி நேரம் பேசினார்கள். சண்டை என்றும் சொல்லலாம். காதுகுத்து ஃப்ளெக்ஸுக்கு வந்த ஆள் தாய்மாமன் போட்டோக்களோடு காத்திருந்தார். அழகுசுந்தரம் இரண்டு முறை இருமினார். ராஜப்ரியாவின் காதில் எதுவும் விழவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பந்தி எப்படி நகரும், யார் எங்கே நின்று பரிமாறுவார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

மீதமிருந்த முப்பத்தொன்பது பிரதிகளுக்கும் பதினேழாம் பக்கத்தைத் திருத்தி அச்சடித்து மாற்றிவைத்தாள். தவறு நடந்ததற்கு வாசகர் குழுவில் வருத்தமும் தெரிவித்தாள். குழு கொந்தளித்தது, மகிழ்ச்சியில். 'இடது கைப் பதிப்பு' தன்னிடம் மூன்று இருப்பதாக அந்த உறைக்காரர் அறிவித்தார். மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். இவ்வளவு அரிய பிரதியை இனி எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானமும் ஆனது.

ராஜப்ரியா இப்போது இரண்டாவது புத்தகம் வரைகிறாள். அந்த அத்தையின் கதை. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் கருத்தையாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள். பதினோரு பக்கம் போயிருக்கிறது. பதினொன்றிலும் அவர் குற்றம் கண்டுபிடித்திருக்கிறார். நேற்று வந்த குரல் செய்தியைக் கடையே கேட்கும்படி சத்தமாக வைத்தாள். "ரசத்துல இம்புட்டு ஆவி வரக்கூடாது தாயி, நுரை கட்டுனதும் இறக்கிரணும், இது கொதிச்சுப் போன ரசம்" என்றார் அவர். "சரிண்ணே, சரிண்ணே" என்று போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே, முகம் முழுக்கச் சிரிப்போடு அவள் ஆவியை அழித்துக்கொண்டிருந்தாள்.